சின்ன வெள்ளை படுக்கவில்லை

நான் ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு பாக்டரி வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சங்கு ஊதினால் வேலை, இன்னொரு சங்கு ஊதினால் சாப்பாடு என்று ஓடிய வீடு அது. அங்கிருந்து என்னைக் கொண்டுபோய் அண்ணனூரில் குதிரை வைத்திருக்கிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். "மாப்பிள்ளை வீட்டுல குதிரை நிக்கி" என்று அம்மா தெருவெல்லாம் பெருமையடித்தாள். நானும் ஏதோ ராஜா வீடு என்று நினைத்துவிட்டேன். வந்து பார்த்தால் தகரக் கொட்டகையும் லத்தி நாற்றமும் ஈயும்தான்.

அவர்கள் அந்த ஊரிலேயே பழைய குடும்பம். நிலமெல்லாம் மனையாகிப் போன பிறகு, மிச்சமிருந்த துண்டில் மாமனார் கொட்டகை போட்டு, கல்யாணத்துக்கு சாரட்டு விடும் தொழிலில் இறங்கியிருந்தார். இரண்டு சாரட்டு, நான்கு குதிரை, நான்கும் பெட்டை. பெயர் வைக்கிற வழக்கமெல்லாம் அந்த வீட்டில் கிடையாது. பெரிய வெள்ளை, சின்ன வெள்ளை, கருப்பு, செவலை, அவ்வளவுதான். எங்களுக்குச் சோறு போட்டது வெள்ளை இரண்டும். கல்யாணக்காரர்களுக்கு வெள்ளை ஜோடிதான் வேண்டும். கருப்பும் செவலையும் எப்போதாவது சாமி ஊர்வலத்துக்குப் போகும், மற்ற நாளெல்லாம் தின்றுவிட்டுச் சும்மா நிற்கும். "உன்னிய மாதிரியே" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். வாயில் நல்லா வரும், மாமனார் காதில் விழுமே என்று அடக்கிக்கொள்வேன்.

என் சமையலறை ஜன்னல் கொட்டகையைப் பார்த்து இருந்தது. வேண்டாம் என்றாலும் அவைதான் கண்ணில் படும். வெள்ளை இரண்டும் எப்போதும் தலைமாற்றி நிற்கும். இதன் வால் அதன் முகத்தில் ஈ ஓட்டும், அதன் வால் இதற்கு. சில சமயம் ஒன்று மற்றதன் பிடரிக்குக் கீழே பல்லால் மெல்லச் சொறிந்துவிடும். சொறிகிறதற்கும் கண் சொருகும், சொறியப்படுகிறதற்கும் கண் சொருகும். செவலை கிட்டே வந்தால் மட்டும் சின்ன வெள்ளை காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு பல்லைக் காட்டும். செவலை நாலு அடி தள்ளிப் போய், வேறு பக்கம் பார்ப்பது மாதிரி நின்றுகொள்ளும்.

கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம் சின்ன வெள்ளை நான்கு காலையும் நீட்டி, தலையைத் தரையில் போட்டுக் கிடந்தது. செத்துப்போச்சு என்று நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் சிரித்தார். "இன்னாமே, இப்டி கத்திக்கினு. தூங்குதுமே அது. பெருசு பக்கத்துல நின்னுகினு கீது, பாக்கல? ஒண்ணு காவலுக்கு நின்னாத்தான் ஒண்ணு படுக்கும்." அன்றைக்கு எனக்கு வெட்கமாகிவிட்டது. அதற்கப்புறம் தினமும் பார்த்தேன். ஒன்று படுத்தால் மற்றது நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து இது எழும், அது படுக்கும்.

மாமனார் போய்ச் சேர்ந்த அடுத்த வருஷம் பாகம் பிரித்தார்கள். சண்டையெல்லாம் இல்லை. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவன் பங்கு பிரித்து வைப்பான், இளையவன் முதலில் எடுப்பான். தனக்கு எது வரும் என்று தெரியாமல் பிரிக்கிறவன் ஓரவஞ்சனை செய்ய முடியாது அல்லவா? என் வீட்டுக்காரரின் அண்ணன், எனக்கு மச்சாண்டார், அப்பேர்ப்பட்ட நியாயமான மனிதர். பாத்திரம் பண்டத்தைக்கூட எடை பார்த்துப் பிரித்தார். ஆளுக்கு ஒரு சாரட்டு. குதிரைக்கு வந்ததும் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிக்கொண்டு நின்றார். வெள்ளை இரண்டும் ஒரே பங்கில் போனால் இன்னொருவன் வாயில் மண். அதனால் பெரிய வெள்ளையும் கருப்பும் ஒரு பங்கு, சின்ன வெள்ளையும் செவலையும் ஒரு பங்கு என்று வைத்தார். இதைவிட நியாயமாக யாராலும் பிரிக்க முடியாது. ஆளுக்கொரு வெள்ளை எங்கேயாவது பார்த்து ஜோடி சேர்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேருமே தலையாட்டினார்கள். நான் அப்போது கிரைண்டர் யாருக்கு என்கிற கோபத்தில் இருந்தேன். என் வீட்டுக்காரர் சின்ன வெள்ளை இருந்த பங்கைத் தொட்டார். அது அவர் கைக்கு அடங்கின குதிரை.

மச்சாண்டார் குடும்பம் ஐயப்பன்தாங்கலுக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே பஸ் டிப்போவுக்குப் பின்னால் என் ஓரகத்தியின் அப்பா வீட்டு இடம் புல்லும் புதருமாகச் சும்மா கிடந்தது. ஒரு காலையில் லாரி வந்து நின்றது. கருப்பு பேசாமல் ஏறிவிட்டது. பெரிய வெள்ளை ஏறவில்லை. பலகையில் முன்னங்காலை வைக்கும், கொட்டகைக்குள் கட்டியிருந்த சின்ன வெள்ளை கனைக்கும், உடனே காலை எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். மச்சாண்டாருக்கு வேர்த்து ஊற்றியது. "அத்த அந்தாண்ட இஸ்துகினு போடா" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினார். என் வீட்டுக்காரருக்குச் சுருக்கென்றது போல. "போறது நீ. அது இன்னாத்துக்கு அந்தாண்ட போவணும்?" என்றுவிட்டார். மச்சாண்டார் முகம் செத்துப்போனது. "எம்பங்க நான் இஸ்துகினு போறேன். உன்னாண்ட கேக்கல" என்றார். அந்தப் பேச்சோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

லாரி திரும்பியதும் சின்ன வெள்ளை வேலியோரமாக ஓடத் தொடங்கியது. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு. உடம்பெல்லாம் நுரை. நின்று, காதை நிமிர்த்தி, அடிவயிற்றிலிருந்து ஒரு கனைப்பு. பதில் வருகிறதா என்று கேட்கும். வராது. மறுபடி ஓடும். ரயில்வே ஷெட்டில் மின்சார ரயில் ஊதினால் அதற்குக் கனைக்கும், தெருவில் லாரி போனால் அதற்குக் கனைக்கும். ஒரு வாரத்தில் தொண்டை கம்மிப்போய் வெறும் காற்றுதான் வந்தது. ஊறவைத்த கொள்ளை அப்படியே விட்டுவிடும். வேலியோரம் அது நடந்து நடந்து ஒரு பாதையே விழுந்துவிட்டது. நான் அதன் பெயர் சொல்லிக் கொஞ்சியதில்லை, அதற்குப் பெயரும் இல்லை. ஆனால் அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

என் வீட்டுக்காரரும் சரியாகத் தூங்கவில்லை. ராத்திரி நடுவில் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டு வருவார். கேட்டால், "தண்ணி வெச்சேன்" என்பார். எத்தனை தடவைதான் தண்ணீர் வைப்பது? காலையில் கண் சிவந்து உட்கார்ந்திருப்பார்.

பிறகு ஒரு நாள் சின்ன வெள்ளையின் முன்னங்கால் கணுக்களில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்ததைப் பார்த்தேன். எனக்கு வந்ததே ஆத்திரம். அண்ணன் மேலே இருக்கிற கோபத்தைக் குதிரை மேலே காட்டுகிறாரா இந்த மனுஷன் என்று பிடித்துக் கத்தினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். போய் மாட்டாஸ்பத்திரி டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் காலைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். பிறகு, "இது கடைசியா எப்போ படுத்தது?" என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே பதில். அது படுக்கவே இல்லை.

"நின்னுக்கிட்டே குதிரை கண் அசரும். ஆனா ஆழ்ந்து தூங்கணும்னா படுத்தாகணும்" என்றார் டாக்டர். "இது படுக்க மாட்டேங்குது. நிக்கிறப்பவே தூக்கம் அமுக்குது, கால் மடங்கி முன்னால விழுது, விழுந்து முழிச்சிக்குது. அந்தக் காயம்தான் இது. மருந்து போடலாம். ஆனா இப்படியே போனா ரொம்ப நாள் தாங்காது."

அதுதான் இன்னொன்று நிற்கிறதே என்று நான் செவலையைக் காட்டினேன். "அதை இது நம்பணுமேம்மா" என்றார் அவர்.

அன்று மத்தியானத்திலிருந்து நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொட்டகையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். காவலுக்கு நான் இருக்கிறேன், நீ படு என்று அதனிடம் வாய்விட்டே சொன்னேன். அது என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. நின்றபடி தலை தொங்கும், முட்டி மடங்கும், திடுக்கிட்டு நிமிரும். பார்க்கவே முடியாது. செவலைதான் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு கழுத்தில் மூச்சு விடும். எனக்கு எரிச்சலாக வரும். "போ அந்தாண்ட" என்று முழங்கையால் தள்ளுவேன். நான் பேசுகிற தமிழே மாறிப்போயிருந்தது.

அண்ணனுக்குப் போன் போடச் சொன்னால் என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விடுவார். சரி, ஆம்பிளைகள் வீம்பு நமக்கெதற்கு என்று நான் ஓரகத்திக்குப் போன் செய்தேன்.

"இங்க பெருசு நல்லா துன்னுதும்மா. கருப்பு கூட நிக்குது, படுக்குது, ஒண்ணும் கொறையில்ல" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே ஒன்று உயிரை விடுகிறது, அங்கே அது நன்றாகத் தின்கிறதாம். நன்றிகெட்டது என்று மனசுக்குள் திட்டினேன். அவள் தொடர்ந்து, "ஆனா டிப்போவாண்ட எந்த பெரிய வண்டி சத்தம் கேட்டாலும் வேலியாண்ட போயி நின்னு பாத்துட்டு வருது. உங்க மாமாவும் கூடவே போயி நின்னு பாத்துட்டு வராரு" என்றாள், மச்சாண்டாரைச் சொல்லி.

முகூர்த்த மாதம் வந்தது. பூந்தமல்லியில் கல்யாண ஏற்பாடு செய்து கொடுக்கிறவர் ஒருவர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். மாதா கோயிலில் கல்யாணம், அங்கிருந்து மண்டபத்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் சாரட்டில் வர வேண்டும், வெள்ளை ஒன்று கொண்டுவா, இன்னொன்று நான் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். இன்னொன்று யாருடையது என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

"இந்தக் காலோட வண்டி இழுக்கவா? நீங்க மனுஷன்தானா?" என்று நான் வழியை மறித்தேன்.

"வண்டி இழுக்க இல்லமே" என்றார். "ஒருவாட்டி பாத்துட்டு வரட்டும்."

நானும் கிளம்பிவிட்டேன். அதைத் தனியாக அனுப்ப மனசில்லை.

மாதா கோயில் தெருவுக்குள் எங்கள் லாரி நுழையும்போதே சின்ன வெள்ளையின் காது நிமிர்ந்தது. கம்மிப்போன தொண்டையோடு ஒரு கனைப்பு. தெருக்கோடியில் பேண்டு வாத்தியம் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள், அதையும் மீறிப் பதில் வந்தது. மச்சாண்டார் பெரிய வெள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பிடித்துக்கொண்டு என்றா சொன்னேன், அதுதான் அவரை இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து மூச்சை இழுத்தன. சின்ன வெள்ளை ஒரு தடவை கீச்சென்று கத்திக் காலைத் தரையில் அடித்தது, கோபம் மாதிரி. எங்கே போனாய் என்று கேட்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். பிறகு தலைமாற்றி நின்று சொறியத் தொடங்கிவிட்டன. பெண்வீட்டுக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி நின்றார்கள்.

பெரியதை விட்டு அது நகரவில்லை, இரண்டையும் சேர்த்தே சாரட்டில் பூட்டினார்கள்; தூரம் கொஞ்சம்தான். மச்சாண்டார் அதன் காலைப் பார்த்திருக்க வேண்டும். சாரட்டின் மேலே ஏறாமல், சின்ன வெள்ளைப் பக்கம் கடிவாளத்தைப் பிடித்து நடந்தே வந்தார். பாரத்தைப் பெரிய வெள்ளை மேல் தள்ளித் தள்ளி, அடிமேல் அடியாக மண்டபத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மண்டபத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு புங்கமரம். அங்கே சாரட்டைக் கழற்றினார்கள். ஜிகினா, தலைக் குஞ்சம் எதையும் இன்னும் அவிழ்க்கவில்லை. சின்ன வெள்ளை இரண்டு அடி வைத்தது, முன்னங்காலை மடக்கியது, பொத்தென்று படுத்தது. காலை நீட்டித் தலையைத் தரையில் போட்டுவிட்டது.

போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு பார்த்தால் வயிறு ஏறி இறங்குகிறது. காதருகே நரம்பு துடிக்கிறது. உதடு அசைகிறது, கனவு காண்கிற மாதிரி. பெரிய வெள்ளை ஒரு அடி முன்னால் வந்து, தன் நிழல் அதன் முகத்தில் விழ நின்றுகொண்டது.

நான் அழுதுவிட்டேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டேன்.

கார் எடுக்க வந்தவர்கள் குதிரையை எழுப்பச் சொன்னார்கள். "எழுப்ப முடியாது. காரு அப்பால எடுத்துக்கோ நைனா" என்றார் மச்சாண்டார். அவர் அதட்டலுக்கு எவனும் எதிர்த்துப் பேசவில்லை. அவர் புங்கமரத்து அடியில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் சாரட்டுச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், அவர் வாய் பிளந்து தூங்குகிறார். எத்தனையோ நாளுக்கப்புறம் அப்படி ஒரு தூக்கம். வெயில் நகர்ந்து அவர் முகத்துக்கு வந்தது. மச்சாண்டார் எழுந்துபோய், தோளில் கிடந்த துண்டைச் சக்கரத்தின் மேலே விரித்துத் தொங்கவிட்டார். பிறகு அங்கேயே நின்றுவிட்டார், உட்காரவில்லை.

சாப்பாட்டுப் பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் சின்ன வெள்ளை எழுந்து உடம்பை உதறியது. இவரும் விழித்துக்கொண்டார். இரண்டு லாரியும் தயாராக நின்றன. ஒருவரும் அசையவில்லை. "நியாயமாத்தான்டா பிரிச்சேன்" என்றார் மச்சாண்டார், தம்பியிடம் முதல் வார்த்தையாக. "தெரியும்ணா" என்றார் இவர்.

இனி யார் வாய் திறப்பது என்று இரண்டு பேரும் நிற்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளை போனால் எங்கள் பிழைப்பு போகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. "மாமா, ரெண்டும் உங்க வண்டியிலயே ஏறட்டும். உங்க பக்கம்தான் புல்லு இருக்கு. எங்ககிட்ட இருந்தா இது செத்துப்போகும்" என்றேன். என் வீட்டுக்காரர் போய் அந்த லாரியின் பலகையை இறக்கினார். இந்த முறை யாரையும் யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. பெரியது ஏறியது, பின்னாலேயே சின்னதும் ஏறியது.

நாங்கள் காலி லாரியில் அண்ணனூர் வந்து சேர்ந்தோம். வாசலில் இறங்கினால் ஒரு கனைப்பு. செவலை வேலியோரத்தில் நின்றிருந்தது. லாரியைப் பார்த்தது, அதன் காலி முதுகைப் பார்த்தது. பிறகு ஓடத் தொடங்கியது. அதே பாதையில், இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. இத்தனை வருஷத்தில் அது அப்படிக் கனைத்து நான் கேட்டதே இல்லை. பல்லைக் காட்டி விரட்டுகிறவளைத்தான் அது கூப்பிட்டது. ஜோடி ஜோடி என்றே பார்த்துக்கொண்டிருந்தோம், நாலு அடி தள்ளி நின்றவளை நாங்கள் எண்ணவே இல்லை.

என் வீட்டுக்காரர் அண்ணனுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் எடுத்ததும் போனை வேலிப் பக்கம் நீட்டினார். செவலை கத்துகிற சத்தம் மட்டும் போனுக்குள் போனது. "செவலையாடா அது?" என்றார் மச்சாண்டார். லாரி இன்னும் வழியில்தான் இருந்தது போல. அவர் பின்னாலிருந்து, போனுக்குள்ளேயே, கரகரவென்று ஒரு கம்மிய கனைப்பு வந்தது. யாருடையது என்று எனக்குத் தெரியாதா? "வண்டிய திருப்பறேன். அத்த அவுத்துகினு ரெடியா நில்லு" என்றார்.

இப்போது நான்கும் ஐயப்பன்தாங்கலில் நிற்கின்றன. தொழில் அண்ணன் தம்பிக்குப் பொது, வீடு மட்டும் தனி. என் வீட்டுக்காரர் காலையில் பஸ் ஏறிப் போகிறார், இருட்டுவதற்குள் வருகிறார், சாப்பிட்டுக் கட்டையாய்த் தூங்குகிறார். எல்லாம் சரியாகப் போய்விட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். என் சமையலறை ஜன்னலில் காலிக் கொட்டகை இருந்தது. மத்தியானம் அந்த நாற்காலியை எடுத்து உள்ளே போட்டேன். பிறகு திரும்ப வெளியே போட்டேன். இது என்ன கூத்து, குவார்ட்டர்ஸ்காரிக்கு லத்தி வாசனை இல்லாமல் தூக்கம் வரவில்லையா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் பஸ் ஏறினேன். ஓரகத்தியிடம் மிளகாய்த் தூள் கொடுக்கப் போகிறேன் என்று ஒரு சாக்கு. டிப்போவுக்குப் பின்னால் திரும்பும்போதே ஒரு கனைப்பு கேட்டது. வெள்ளை இரண்டும் தலைமாற்றி நின்றபடி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செவலைதான் வேலிக்கு ஓடி வந்து, கழுத்தை நீட்டி, என் கழுத்தில் மூச்சு விட்டது. நான் அதைத் தள்ளவில்லை.